சும்மா இருக்கிற நேரம்

“சும்மா இருக்கிற நேரத்துல போடுறதுதானேக்கா, இதுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பீங்க?”

திண்டுக்கல்லில் ஒரு கைவினைக் கண்காட்சியில், குரோஷா போர்வைகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஒருவர் கேட்டது இது. அவர் போர்வை வாங்கிப் போர்த்திக்கொள்ள வந்தவர் இல்லை, வாங்கி விற்பவர். கொடைக்கானல் கடைகளுக்கும் இணையத்துக்கும் அனுப்புவாராம். சதுரத்துக்குப் பத்து ரூபாய், நூல் அவருடையது, சேர்த்துத் தைத்துக் கொடுப்பது அந்தப் பத்து ரூபாய்க்குள்ளேயே அடக்கம் என்று பேசிக்கொண்டிருந்தார். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சும்மா இருக்கிற நேரமா? அது எத்தனை மணிக்கு வருதுன்னு சொல்லுங்க தம்பி, அப்பப் படுத்துத் தூங்கிக்கிறேன்.”

அந்தப் பதிலுக்கு மேல் நான் எழுத அதிகம் இல்லை. ஆனாலும் அந்தத் தம்பி தனி ஆள் இல்லை என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொக்கி ஊசியால் நாலைந்து சங்கிலி போட்டு வளையமாக்கி, அதைச் சுற்றி மும்மூன்றாகப் போட்டுக்கொண்டே போய், நான்கு மூலையிலும் இடம் விட்டால் ஒரு சதுரம் வரும். கிரானி ஸ்கொயர் என்பார்கள். ஆறு மூலை விட்டால் அறுகோணம். தேனடைபோல இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தும். இப்படி நூறு துண்டுகளைப் போட்டு வைத்துவிட்டுப் பிறகு சேர்த்துத் தைத்தால் போர்வை. முழுப் போர்வையையும் ஒரே மூச்சாகப் பின்னலாமே என்றால், பின்னலாம். ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் அக்ரிலிக் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அதைவிட முக்கியம், குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் எழுந்து போக வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் எழுந்து போக வேண்டும். மாமியார் கூப்பிட்டால், பிள்ளை விழுந்தால், கேஸ் சிலிண்டர் வந்தால். பாதிச் சதுரத்தை ஒயர் கூடையில் போட்டுவிட்டு ஓடலாம், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். பெண்ணின் நாள் துண்டு துண்டாக இருப்பதால்தான் இந்தத் துண்டு வேலை அவளுக்குப் பொருந்துகிறது. அதே காரணத்தால்தான் வியாபாரிக்கும் பொருந்துகிறது. கூலி சதுரத்துக்கு, நேரத்துக்கு இல்லை. நேரத்தை யாரும் பார்க்கவில்லை என்றால் அது இல்லவே இல்லை.

நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றுக்கு என் கைக்கு இருபது நிமிடம். ஒரு சதுர மீட்டர் போர்வைக்கு நூறு சதுரம், அதாவது முப்பத்து மூன்று மணி இருபது நிமிடம். நூல் முனைகளை உள்ளே மறைக்க, சேர்த்துத் தைக்க, ஓரம் கட்ட இன்னும் ஆறேழு மணி நேரம். நாற்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் கணக்குப்படி கூலி ஆயிரம் ரூபாய். மணிக்கு 25, எட்டு மணி நேரத்துக்கு 200. தமிழ்நாட்டில் 2024-25இல் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலியே 319 ரூபாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரோஷாவை இயந்திரம் போடுவதில்லை. இயந்திரம் போடுவது குரோஷா மாதிரித் தெரியும் வேறு பின்னல். எனவே கடையில், செல்போன் திரையில் எங்கே உண்மையான குரோஷா ரவிக்கையையோ போர்வையையோ மலிவு விலையில் பார்த்தாலும், அதன் மறுமுனையில் ஏதோ ஒரு பெண்ணின் கழுத்து வலி இருக்கிறது.

எங்கள் ஊரில் பூட்டு செய்கிறார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுச் செய்பவர் அரத்தோடு திண்ணையில் உட்கார்ந்தாலும் அவர் பூட்டுத் தொழிலாளி. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஊசியோடு உட்கார்ந்திருப்பவரைக் காட்டி “இவங்க என்ன பண்றாங்க?” என்று கேளுங்கள். “வீட்டுலதான் இருக்காங்க” என்பார்கள். உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று, குனியும் முதுகு ஒன்று. பெயர் மட்டும் வேறு.

இதை ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திராவின் நரசாபூரில் விரிவாக ஆராய்ந்தார். 1982இல் வந்த அவருடைய புத்தகம் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றியது. அங்கேயும் குரோஷாதான். ஒருத்தி பூ போடுவாள், அதைச் சேர்ப்பதற்கு வேறொருத்தி. முழுப் பொருள் எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டு வேலை போக ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊசி பிடித்த பெண்களை ‘ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள்’ என்றே வியாபாரிகள் சொன்னார்கள். என்னை உறுத்தியது வேறொரு விஷயம். வயலில் கூலி வேலை பார்த்த தலித் பெண்கள், இந்த லேஸ் பெண்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் லேஸ் பின்னியவர்கள், தாங்கள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பதையே கௌரவம் என்று நினைத்தார்கள். குறைந்த கூலியின் மீதியைச் சாதிப் பெருமையாக வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் இதை நான் படிக்கிறேன். நம் ஊரிலும் “என் மருமக மில்லுக்கெல்லாம் போறதில்ல, வீட்டுலயே கைவேலை பண்றா” என்று சொல்லும் குரலில் அந்தப் பெருமை கேட்கவில்லையா?

மில்லுக்குப் போகும் பெண்களின் நிலைமை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலை விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண்களின் கதை இந்த வட்டாரத்துக்குத் தெரியும். 2021 ஜனவரியில் ஒரு இளம் தலித் ஆயத்த ஆடைத் தொழிலாளி கொல்லப்பட்டதும் தெரியும். ஆனால் அதன் பிறகு அந்தப் பெண்கள் சங்கமாக நின்று போராடி, 2022 ஏப்ரலில் பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராகத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட வைத்தார்கள். அவர்கள் கூடி நிற்க ஒரு கேட் இருந்தது. வீட்டில் பின்னுகிறவள் எந்த கேட்டுக்கு முன்னால் போய் நிற்பாள்?

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பிறகு அதைப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். விரும்பிச் செய்தார்கள், சேர்ந்து செய்தார்கள், அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் சாதனைப் புத்தகத்தில் ஏறியது சதுர மீட்டர். என் கணக்கில் பாதியை, மீட்டருக்கு இருபது மணி நேரத்தை, வைத்தாலும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அந்த எண்ணையும் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சில தோழிகள் ஊசியையே தூக்கி எறியச் சொல்கிறார்கள். டிவிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, வாசலுக்கு உல்லன் தோரணம் என்று பெண்களை மழுங்கடித்த வேலை இது என்று. எனக்கு உடன்பாடில்லை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அடிமைகளாக இருந்த பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கியதாக மிஷன் வரலாறு சொல்கிறது. கைவேலை அவர்களை மழுங்கடிக்கவில்லை, ஏனென்றால் காசு அவர்கள் கைக்கு வந்தது. எனக்குக் கோபம், பத்து நாள் குரோஷா பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு போட்டோ எடுத்து, ‘பெண்கள் அதிகாரம் பெற்றனர்’ என்று பேனர் கட்டிவிட்டுப் போகிறவர்கள்மேல்தான். கூலியைப் பற்றி அந்தப் பத்து நாளில் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்களா?

பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய் வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே எழுதியது. துண்டுக் கணக்கில் கொடுத்தாலும் நேரத்துக்கு நிர்ணயித்த கூலிக்குக் குறையக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. வீட்டு அடிப்படையிலான வேலைக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்களோ 88. இந்த 289 போக மிஞ்சுவதைத்தான் தம்பி ‘சும்மா’ என்கிறார்.

சதுரத்துக்குக் கூலி பேசும்போது நிமிடத்தை முதலில் பேசுங்கள். சேர்த்துத் தைப்பதற்குத் தனிக் கூலி கேளுங்கள், முனை மறைப்பதற்கும். ஒரு தெருவில் நாலு பேர் பின்னினால் நாலு பேரும் ஒரே விலை சொல்லுங்கள். ஒருத்தி குறைத்தால் நாலு பேருக்கும் குறையும். உறவுக்காரர்கள் “பிள்ளைக்கு ஒண்ணு போட்டுக் குடேன்” என்று கேட்டால், கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், ஆனால் எத்தனை மணி நேரம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்த அக்கா தம்பியிடம் இருபத்தைந்து ரூபாய் கேட்டார். அவர் போய்விட்டார், இன்னும் திரும்பி வரவில்லை. அக்கா இப்போது மகளின் பழைய நோட்டில் பின்பக்கத்திலிருந்து, உட்காரும் நேரத்தையும் எழும் நேரத்தையும் எழுதி வருகிறார். முதல் வாரம் முப்பத்தொரு மணி நேரம். அதைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்காரர் கேட்டாராம்: “இவ்வளவு நேரம் எங்கடி உக்காந்திருந்த? நான் பாக்கவே இல்லையே.”