வாப்பாவின் மணிக்கூடு

சகோதரிகளே, மௌத்தான வாப்பாவின் சாவி கொடுக்கும் கைமணிக்கூடு அலுமாரியில் கிடக்கிறதா? மகன் கட்டட்டும். ஆனால் கையில் கட்டியபடி சாவி கொடுக்க விடாதீர்கள்; திருகியின் மெல்லிய தண்டு வளைந்துவிடும். சுபஹுக்குப் பின் கழற்றி வைத்து, மெதுவாகத் திருகட்டும். இறுகியதும் நிறுத்த வேண்டும். என் மாணவர் ஒருவர் "இன்னும் கொஞ்சம்" என்று திருகியே தன் மூத்தாப்பாவின் மணிக்கூட்டைக் கெடுத்தார்.

ஒட்டோமெட்டிக் வேறு. கை அசைய, உள்ளே ஒரு பாரம் சுழன்று சுருளை இறுக்கும். சுருள் நிறைந்தால் வழுக்கிக்கொள்வதால், திருகும்போது முடிவு தெரியாது. நின்றுபோனதை ஓடவைக்க 20, 30 சுற்றுப் போதும். பழைய சீக்கோ 5 பலவற்றுக்குத் திருகிச் சாவி கொடுக்கவே முடியாது. மெல்ல ஆட்டிவிட்டுக் கட்டலாம்.

முள் இரவு 9க்கும் அதிகாலை 3க்கும் இடையில் நின்றால் திகதியைத் தொடாதீர்கள். பல் உடையும்.