டிரைவர் கிடைக்கவில்லை

தில்லியில் யாராவது போன் செய்து 'டிரைவர் கிடைக்கவில்லை' என்று புலம்பினால் கார் சமாசாரம் என்றுதான் நினைப்போம். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் புலம்பியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரிடம் கார் கிடையாது என்பது அரை நிமிடம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

"காருக்கு இல்ல ஸார், கீபோர்டுக்கு. சீக்கிரம் வாங்க. பாட்டரி போகப் போறது. போனா எல்லாம் போச்சு."

நண்பர் மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் முப்பது வருஷம் தலைநகரின் தமிழ் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்ட் வாசித்தவர். 1992-இல் 'ரோஜா' வந்தபின் கீபோர்ட் வாசிப்பவருக்கு மேடையில் தனி மரியாதை வந்தது என்பார். 2006-இல் பி.எஃப். கடன் போட்டு ஒரு நல்ல சின்தஸைசர் வாங்கினார். கம்பெனி கொடுத்த ஒலிகள் போதாமல், இரவுகளில் உட்கார்ந்து தானே ஒலிகளைச் செதுக்கினார். கல்யாணத்துக்கு நாதஸ்வரம், ஐயப்ப பஜனைக்குச் செண்டை, யார் பாடினாலும் பின்னால் நிற்க ஒரு தம்புரா. நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிகள்.

அத்தனையும் கருவியின் நினைவகத்தில் இருக்கின்றன. அந்த நினைவகத்தைக் காப்பது, உள்ளே இருக்கும் எட்டணாக் காசு அளவிலான ஒரு பாட்டரி. அது தீர்ந்தால் ஒலிகள் அழியும். பாட்டரியை மாற்றினாலும் அழியும். கீபோர்டை ஆன் செய்தவுடன் திரையில் 'பாட்டரி லோ' என்று வந்திருக்கிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாட்டரி சாவதற்கு முன் ஒலிகளைக் கம்ப்யூட்டருக்குக் கடத்திவிட வேண்டும். அதற்கு யு.எஸ்.பி. கேபிள் இருக்கிறது. கேபிளுக்கு டிரைவர் வேண்டும்.

நான் போனபோது நண்பரின் மகள் தன் புது லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். விண்டோஸ் 11. பக்கத்தில் 2006-இல் கருவியோடு வந்த ஸி.டி. லேப்டாப்பில் ஸி.டி. போட இடமே இல்லை.

"இதை எங்க அங்கிள் சொருகறது?" என்றாள்.

டிரைவர் என்பது என்ன? வேறொன்றுமில்லை, துபாஷி. கம்ப்யூட்டருக்கு ஆயிரம் விதமான சாதனங்களின் பாஷையும் தெரிந்திருக்க முடியாது. சாதனத்தைச் செய்தவர், 'என் பாஷையை உன் பாஷையில் இவன் சொல்வான்' என்று ஒரு சின்ன புரோகிராமைக் கொடுத்து அனுப்புகிறார். துபாஷி வந்து உட்காரும் வரை இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முதல் விதி: கீபோர்டைச் செருகுவதற்கு முன் டிரைவரை நிறுவ வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விண்டோஸ் 'யாரோ வந்திருக்கிறார், யாரென்று தெரியவில்லை' என்று குறித்து வைத்துக்கொள்கிறது. டிவைஸ் மானேஜரில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. அப்படி ஆகிவிட்டால் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, கேபிளைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கி, டிரைவரை நிறுவி, அது கேட்கும்போது மட்டும் செருகி ஆன் செய்ய வேண்டும். நடுவில் ஹப் எதுவும் கூடாது, நேராகச் செருகுங்கள். எந்தத் துளையில் முதலில் செருகினீர்களோ அதையே தொடருங்கள். துளை மாறினால் பல சாதனங்களை விண்டோஸ் புது ஆசாமி என்று நினைத்து ஆரம்பத்திலிருந்து விசாரிக்கும்.

நண்பர் வீட்டில் செருகுவது முதலில் நடந்துவிட்டது. மஞ்சள் முக்கோணம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியின் தளத்தில் தேடினோம். அந்த மாடலுக்குக் கடைசியாகக் கொடுத்த டிரைவர் விண்டோஸ் 7-க்கு. அதுவும் 32 பிட். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். ஒன்றில் மற்றதன் டிரைவர் ஓடாது. கம்பெனி அந்தக் கருவியை மறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. நண்பர்தான் மறக்கவில்லை.

"நேரு பிளேஸ்ல ஒரு பையன் சொன்னான் ஸார். விண்டோஸ்ல கையெழுத்து பாக்கறதை ஆஃப் பண்ணிட்டா எந்த டிரைவரும் ஏறும்னு."

வேண்டாம் என்றேன். டிரைவர் மற்ற புரோகிராம்களைப் போல வாசலில் நிற்பதில்லை. கம்ப்யூட்டரின் கருவறை வரை போகிறது. அதனால்தான் 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து 64 பிட் விண்டோஸ் கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளே விடுவதில்லை. 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று கூவும் தளங்களில் எடுத்ததைக் காவலை நீக்கிவிட்டு ஏற்றுவது, சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பது போல. அந்த லேப்டாப்பில் மகளின் பாங்க் கணக்கும் இருக்கிறது. தவிர, 32 பிட் டிரைவருக்குக் காவலை நீக்கியும் பயனில்லை.

அடுத்து, கருவியின் சிஸ்டம் மெனுவைப் பார்த்தோம். பல கீபோர்டுகளில் 'யு.எஸ்.பி. டிரைவர்' என்று ஓர் அமைப்பு உண்டு. ரோலண்ட் கருவிகள் பலவற்றில் 'வெண்டர்', 'ஜெனரிக்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். வெண்டர் என்றால் கம்பெனியின் சொந்த டிரைவர். ஜெனரிக் என்றால் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பொது டிரைவர். மாற்றிவிட்டுக் கருவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பலருடைய தலைவலி இங்கேயே தீர்ந்துவிடும். நண்பரின் மாடலில் அந்த வசதி இல்லை.

இந்தப் பொது டிரைவர் எங்கிருந்து வந்தது? யு.எஸ்.பி. 1996-இல் வெளியானது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், வடோதராவில் பொறியியல் படித்தவர். பிரிண்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்றிருந்த துளைகளை ஒன்றாக்குவது நோக்கம். 1999-இல், இசைக் கருவிகள் யு.எஸ்.பி. வழியே பேசவும் ஒரு பொது இலக்கணம் எழுதினார்கள். அந்த இலக்கணப்படி செய்த கருவியைச் செருகினால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் தாமாகவே புரிந்துகொள்ளும். ஆனால் பல கம்பெனிகள் சில வருஷங்கள் தங்கள் சொந்த பாஷையையே பேசின. சொந்த டிரைவருக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கேபிள் வழியே ஒலியையும் அனுப்ப வேண்டுமானால், கீயை அழுத்தியதற்கும் சப்தம் கேட்பதற்கும் இடையே தாமதம் குறைய வேண்டுமானால், அது உதவும். ஆனால் துபாஷி கம்பெனியின் சம்பளக்காரன். சம்பளம் நின்றால் போய்விடுவான்.

மணி பன்னிரண்டு. நண்பர் காபியைத் தொடவே இல்லை. கீபோர்டை அணைக்கவும் பயந்தார். மின்சாரம் இருக்கும் வரை பாட்டரிக்கு வேலை இல்லை என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். தில்லி மின்சாரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

அப்போதுதான் கருவியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். யு.எஸ்.பி. துளைக்குப் பக்கத்தில், ஐந்து ஓட்டைகளுடன் வட்டமாக இரண்டு பழைய துளைகள். மிடி இன், மிடி அவுட்.

அது 1983-ஆம் வருஷத்து சமாசாரம். அதற்கு முன் ஒரு கம்பெனி சின்தஸைசர் இன்னொரு கம்பெனி சின்தஸைசரோடு பேசாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி போன்றவர்கள் முயன்று, போட்டிக் கம்பெனிகளை ஒரே பாஷைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்த ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசை வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்ட் ஜுபிடர்-6 கருவியையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசிக்க மற்றதும் ஒலித்தது. 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

மிடி கேபிளில் சப்தம் போவதில்லை. '60-ஆம் எண் கீ, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது' என்ற செய்திதான் போகிறது. வேகம் வினாடிக்கு 31,250 பிட், அதாவது சுமார் 3,125 எழுத்துகள். இன்றைக்கு இது நத்தை வேகம். ஆனால் இன்றும் நடக்கிற நத்தை.

மதியம் தரியாகஞ்சிலிருந்து மகள் ஒரு யு.எஸ்.பி.-மிடி கேபிள் வாங்கி வந்தாள். இருந்ததிலேயே மலிவானது. லேப்டாப்பில் செருகியதும் எந்த டிரைவரும் கேட்காமல் வேலை செய்தது. 1999 இலக்கணத்துக்கு ஜே! கேபிளில் 'இன்' என்று எழுதிய முனை கருவியின் 'அவுட்' துளைக்குப் போக வேண்டும். இது புரியாமல் அரை மணி போயிற்று. மிடி-ஆக்ஸ் என்ற இலவச புரோகிராமை இறக்கினோம். நண்பர் ஒரு கீயைத் தொட்டார். திரையில் ஒரு வரி ஓடியது.

"பேசறது!" என்றார்.

ஆனால் எல்லா ஒலிகளையும் மொத்தமாக அனுப்பும் 'பல்க் டம்ப்' பாதியில் அறுந்தது. மறுபடி, மறுபடியும் அறுந்தது. மிக மலிவான கேபிள்கள் சிலவற்றுக்கு இந்த வியாதி உண்டு. ஒவ்வொரு கீயாக வாசித்தால் தாங்கும். நீண்ட செய்தி வந்தால் கொஞ்சம் விழுங்கிவிடும். இருபது, முப்பது வினாடி நிற்காமல் ஓடும் செய்தியில் ஓர் எழுத்து குறைந்தாலும் மொத்தமும் வீண். சர்ச்சில் வாசிக்கும் ஒரு பையனிடமிருந்து சற்று விலை உயர்ந்த மிடி இன்டர்ஃபேஸ் ஒன்றை மாலையில் இரவல் வாங்கினோம். இந்த முறை கடைசி வரை ஓடியது.

இங்கே அவசரப்படக் கூடாது. இரண்டு முறை டம்ப் எடுத்து, இரண்டு கோப்புகளும் அளவில் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதோடு நிற்காமல், ஒரே ஒரு ஒலியைத் தனியாகச் சேமித்து, கருவியில் அதைக் கெடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து திருப்பி அனுப்பி, பழையபடி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பல கருவிகளில் 'மெமரி ப்ரொடெக்ட்' என்ற பூட்டைத் திறந்தால்தான் திருப்பி அனுப்புவது ஏறும். திரும்பி வராத பிரதி, பிரதியே அல்ல. நண்பர் தனக்கு அதிகம் பிடிக்காத ஒரு வயலினைப் பலி கொடுத்தார். அது திரும்பி வந்தது. கோப்பை லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மகளின் ஈமெயிலில் ஒன்று என்று மூன்று இடங்களில் வைத்தோம்.

மறுநாள் ஒரு மெக்கானிக் பாட்டரியை மாற்றினார். ஆன் செய்தபோது நண்பரின் ஒலி ஒன்றுகூட இல்லை. கம்பெனி ஒலிகள் மட்டும். தெரிந்துதான் செய்தோம், இருந்தாலும் வயிற்றைக் கலக்கியது. கோப்பைத் திருப்பி அனுப்பினோம். அரை நிமிடம். நண்பர் வேறெதையும் தேடவில்லை. நேராகத் தம்புராவுக்குப் போய் ஒரு கீயை அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதில் உங்களுக்குச் சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது. பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கீபோர்ட் வாங்கப் போகிறீர்களா? எத்தனை நூறு ஒலி இருக்கிறது என்று கேட்பதற்கு முன், 'டிரைவர் இல்லாமல் கம்ப்யூட்டரோடு பேசுமா?' என்று கேளுங்கள். 'பேசும்' என்றால் பாதிக் கவலை விட்டது. பின்பக்கம் அந்த இரண்டு வட்டத் துளைகளும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, கம்பெனி டிரைவர்தான் வழி என்றால், அது கிடைக்கும்போதே இறக்கிப் பத்திரமாக வையுங்கள். அது ஓடும் பழைய கம்ப்யூட்டரைப் பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மூன்றாவது, பழைய கருவி உங்களிடம் இருந்தால், திரையில் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒலிகளை வெளியே எடுத்து வையுங்கள்.

கம்பெனியின் சொந்த டிரைவருக்கு வயது ஏழோ எட்டோ வருஷம். போட்டிக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒப்புக்கொண்ட பாஷைக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இரவல் வாங்கிய இன்டர்ஃபேஸைத் திருப்பிக் கொடுக்க நண்பரும் நானும் ஆட்டோவுக்காக இருபது நிமிடம் குளிரில் நின்றோம். ஆட்டோக்கள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்தான் கிடைக்கவில்லை.