எந்த வாடகையைப் பார்த்துப் பெறுமதி போட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஆதனவரி மதிப்பீட்டு அறிவித்தல் வந்தது. முழுவதும் சிங்களம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது: வீட்டின் வருடாந்தப் பெறுமதி முன்பிருந்ததைவிட இரண்டரை மடங்கு. ஆட்சேபனை சொல்லத் தந்த நாட்களிலும் பாதி கழிந்திருந்தது.

வரி கட்ட மனமில்லாமல் இதை எழுதவில்லை. ஜனவரி 31க்குள் ஆண்டு முழுவதற்கும் கட்டினால் பத்து வீதம் கழிவு என்பதால், வாப்பா காலத்திலிருந்தே முதல் மாதத்தில் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். பற்றுச்சீட்டுகள் இன்னும் கோவையில் இருக்கின்றன.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வீட்டின் விலைக்கு வரி போடச் சொல்லவில்லை. திருத்தச் செலவு வீட்டுக்காரருக்கு, வரிகள் குடியிருப்பவருக்கு என்ற ஏற்பாட்டில் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்குமோ அதுதான் வருடாந்தப் பெறுமதி. மாதம் ஐயாயிரம் வாடகை போகும் வீட்டுக்கு அறுபதாயிரம். வீதம் ஆறு என்றால் வரி 3,600 ரூபாய்.

எங்கள் ஒழுங்கையில் கடந்த பத்து வருடத்தில் ஒரு வீடாவது வாடகைக்குப் போனதை நான் அறியேன். கொழும்பு - புத்தளம் வீதியோரத்துக் கடைகளுக்கு வாடகை உண்டு, அது நியாயம். அங்கிருந்து உள்ளே இறங்கினால் மணல், தென்னை, மாரி காலத்தில் முழங்கால் தண்ணீர். அப்படியிருக்க எந்த வாடகையோடு ஒப்பிட்டார்கள்? அறிவித்தலில் தொகை மட்டும்தான் இருக்கிறது. பிரதேச சபை அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் உத்தியோகத்தர் வெளிக்களக் கடமையில்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாமே என்றார் ஒரு நண்பர். கேட்கலாம்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு சொல்ல 14 வேலைநாள் கொடுக்கிறது. பதில் வரும்போது எனது ஆட்சேபனைக் காலம் முடிந்திருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பெறுமதியைக் கணிப்பது விலை மதிப்பீட்டுத் திணைக்களம். அதன்மேல் எத்தனை வீதம் என்று தீர்மானிப்பது சபை. பெறுமதி ஏறினால் வரியும் அதே அளவுக்கு ஏறத்தான் வேண்டும் என்றில்லை, சபை வீதத்தைக் குறைக்கலாம். இதைக் கேட்கவும் கொஞ்ச காலம் ஆளிருக்கவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி வாக்களிக்கும் வரை அவை அதிகாரிகளின் கையில் இருந்தன. இப்போது நாங்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு இந்த ஒழுங்கைக்குள் மூன்று கட்சியும் வந்தன, தண்ணீருக்குள்ளே நடந்துதான். வீதம் பற்றி அவர்களில் ஒருவராவது சபையில் பிரேரணை கொண்டுவரட்டும்.

சர்வதேச நாணய நிதியத்துடனான 2023ஆம் ஆண்டு ஏற்பாட்டுக்குப் பிறகு நாடு முழுவதற்குமான ஆதனவரி ஒன்றைப் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. உள்ளூர்ப் பெறுமதியே பிழையாக இருந்தால், நாளை வேறொரு வரியும் அதன்மேல்தான் வந்து உட்காரும்.

சபையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒப்பிட்ட வாடகை எது என்பதை அறிவித்தலிலேயே எழுதுங்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து ஆட்சேபனைக் காலத்தை எண்ணுங்கள். தமிழிலும் அனுப்புங்கள், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை அது, சலுகை அல்ல.

எனது ஆட்சேபனையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், தமிழில். பதில் எந்த மொழியில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மதுரங்குளி.