மக்கள் வாக்கா, நீதியரசர் தீர்ப்பா?

2018 நவம்பர் 9ஆம் திகதி இரவு இலங்கை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். தேர்தல் வைத்தால் மக்களே தீர்மானித்துவிடுவார்கள், இதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. இறைமை மக்களுடையது என்று அரசியலமைப்பின் 3ஆவது உறுப்புரையே சொல்கிறதே.

ஆனால் கலைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அதைப் பற்றியதல்ல. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலொழிய, நாலரை வருடம் முடியுமுன் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் சொல்லியிருந்தது. அந்த வரம்பு மீறப்பட்டதா என்பதே கேள்வி. யார் ஆளவேண்டும் என்பதற்குப் புள்ளடி போடலாம். சட்டம் மீறப்பட்டதா என்பதற்குப் புள்ளடி போட்டால், ஆள் பலம் உள்ள பக்கமே எப்போதும் சட்டமாகிவிடும். இரா. சம்பந்தன் முதலானோரின் மனுக்களை விசாரித்த ஏழு நீதியரசர்களும், கலைத்தது செல்லாது என்று டிசம்பர் 13ஆம் திகதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

மக்களிடம் நேரே கேட்டதும் உண்டு. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருடம் நீடிக்கலாமா என்று ஜே. ஆர். ஜயவர்தன அரசு 1982 டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தியது. சம்மதம் என்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். விளக்குக்கு 54.66 வீதம் விழுந்தது. யாழ்ப்பாணம் குடத்தின் பக்கம் திரண்டு நின்றும் பலனில்லை. நாடு முழுவதையும் ஒன்றாக எண்ணினால் சிறுபான்மையின் கதி அதுதான். அந்த வாக்கெடுப்புக்கு 4க்கு 3 என்ற கணக்கில் வழிவிட்டதும் இதே உயர் நீதிமன்றம்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1987இல் ஒன்பது நீதியரசர்கள், மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தைப் பார்த்தார்கள். சர்வஜன வாக்கெடுப்பு தேவையில்லை என்று 5க்கு 4 என முடிவானது. ஒருவர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் மாகாண சபைகள் வாக்குப் பெட்டிக்குப் போயிருக்கும். தெற்கு அன்றிருந்த கொதிப்பில் அவை தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. (அத்திருத்தத்தை நிறைவேற்றியது, விளக்கால் ஆயுள் நீண்ட அதே பாராளுமன்றம்!)

ஆகவே தீர்ப்பு நீதியரசர்களிடமே இருக்கட்டும் என்பேன், அவர்கள் பயமின்றி எழுதக்கூடியவர்களாக இருந்தால். திவிநெகும எனும் வாழ்வாதார அபிவிருத்திச் சட்டமூலத்தில், அரசுக்குப் பிடிக்காத முடிவு உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. அதற்குப் பிறகு, 2013 ஜனவரியில், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். நீதியரசர் நியமனங்கள் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் வரவேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

குடிமக்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 121ஆவது உறுப்புரைப்படி எந்தப் பிரஜையும் ஒரு சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரருக்கு, அந்த நீதிமன்றம் இருக்கும் புதுக்கடை நடந்து போகிற தூரம். ஆனால் காலக்கெடு சில நாட்களே. நிறைவேறிய சட்டமூலத்தில் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், 80(3)ஆவது உறுப்புரை அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் தொட முடியாதபடி செய்துவிடுகிறது. இந்தியாவில் அப்படி இல்லை. நிறைவேறிய சட்டத்தையும் அங்கே நீதிமன்றம் செல்லாதென்று சொல்லலாம்.

புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் 80(3)ஐ நீக்கட்டும். அதுவரை வர்த்தமானியில் வரும் சட்டமூலங்களை வாசித்து வையுங்கள். மனுப் போடும் உரிமை கட்சிக்காரருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உண்டு.