தீவனத்தில் மருந்து கலப்பது தகுமா?

கோழிக்குஞ்சு கழிந்தால் மருந்து, கழியாவிடினும் முன்னெச்சரிக்கையாக மருந்து என்னும் வழக்கம் பண்ணைகள் பலவற்றில் வேரூன்றியிருக்கின்றது. நோயுற்ற பிராணிக்கு மருந்திடுதல் அவசியமே. நோயற்றவற்றின் தீவனத்திலும் நாள்தோறும் கிருமிக்கொல்லி மருந்தைக் கலப்பதோ, திருடனுக்கு அஞ்சிக் காவற்காரனையும் சேர்த்து வெட்டுவதை ஒக்கும்.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் யாவும் தீயன அல்ல. அவற்றுட் பல, இடத்தையும் இரையையும் தாமே கைக்கொண்டு, நோய்க்கிருமிகள் நிலைகொள்ளாதபடி தடுக்கின்றன. இதற்குப் பின்லாந்து தேசத்தின் அனுபவம் தக்க சான்றாகும். 1971-ஆம் வருஷத்தில் அந்நாட்டு இறைச்சிக்கோழிகளிடையே சால்மோனெல்லா என்னும் கிருமி பரவியது. தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு அதன் எச்சத்தின் வழியாக நற்கிருமிகளைப் பெறுகின்றது. பொறியில் பொரித்த குஞ்சுக்கோ தாயின் தொடர்பே இல்லை. ஆதலின் அதன் குடல், முதலில் விழும் விதை எதுவாயினும் முளைக்கும் வெற்றுநிலம்போல் இருக்கின்றது. நுர்மி, ரன்டாலா என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், நோயற்ற வளர்ந்த கோழிகளின் குடற்பொருளை இளங்குஞ்சுகளுக்குப் புகட்டிய பின் சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தனர். பெரும்பாலான குஞ்சுகளில் அக்கிருமி தங்கவில்லை. இம்முடிவு 1973-இல் வெளியாயிற்று.

இந்நற்கிருமிகள் இடத்தை அடைத்துக்கொண்டு வாளா இருப்பனவும் அல்ல. பாக்டீரியாக்கள் தம் உடலினின்றும் மிகச் சிறிய பைகளை வெளிவிடுகின்றன. இந்நுண்பை ஒன்றின் குறுக்களவு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரின் 10,000-இல் ஒரு பங்கேயாகும். குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் இனத்துக் கிருமி ஒன்றின் நுண்பைகள், சுண்டெலிகளின் குடலழற்சியைத் தடுத்ததாக 2012-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கின்றது. ஆயினும் இப்பைகள் பகைவர்க்கும் பயன்படுவனவே. மனிதருக்கும் பன்றிக்குட்டிகளுக்கும் கழிச்சல் உண்டாக்கும் ஈ. கோலை வகையின் நஞ்சு இவற்றோடு செல்கின்றது. அன்றியும், மருந்தைச் சிதைக்கும் பொருளைச் சில கிருமிகள் இப்பைகளில் வைத்து வெளிவிடுவதால், அருகிலுள்ள வேறு கிருமிகளும் மருந்துக்குத் தப்புகின்றன.

ஓயாது மருந்திடும் பண்ணையில் நற்கிருமிகள் நலிய, மருந்துக்கு அஞ்சாதவையே பெருகும். அக்கேடு பண்ணை வேலிக்குள் அடங்குவதன்று. பிற மருந்துகள் பலிக்காதபோது ஆஸ்பத்திரிகளில் கடைசியாகக் கையாளப்படுவது கோலிஸ்டின். அதனை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமியினின்றும் மற்றொன்றுக்குத் தாவக்கூடியதென்று 2015-இல் சீனாவில் கண்டறியப்பட்டது. அவ்வாற்றலுடைய கிருமிகள் பன்றிகளிடமும், இறைச்சியிலும், நோயாளிகளிடமும் காணப்பட்டன. இந்திய அரசாங்கம் 2019 ஜூலையில், உணவுக்கான பிராணிகளுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தயாரித்து விற்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, வளர்ச்சியின் பொருட்டுத் தீவனத்தில் கிருமிக்கொல்லி மருந்து சேர்ப்பதை 2006 முதலே விலக்கிவிட்டது.

குஞ்சுகள் மடிந்தால் நஷ்டம் யாருடையது எனப் பண்ணையாளர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயின் சுத்தமான நீர், உலர்ந்த கூளம், நெருக்கமில்லாத கொட்டகை, காலத்தில் தடுப்பூசி ஆகியவை நஷ்டத்தைக் குறைக்கும் வழிகள். தினசரி மருந்து இவற்றின் குறையை மறைக்கும் திரையே. பின்லாந்துப் பரிசோதனையைக் கேட்டு, கண்ட கோழியின் எச்சத்தையெல்லாம் குஞ்சுக்கு ஊட்டுதலும் ஆகாது. அதனோடு நோயும் வந்து சேரும். நற்கிருமிக் கலவை வேண்டுவோர், கால்நடை மருத்துவரைக் கலந்து, சோதிக்கப்பட்டதையே வாங்குதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. மந்தையில் கழிச்சல் கண்டவுடன் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கச் செய்வதும், மருத்துவரின் சீட்டின்றி மருந்து வாங்குவதன் தீமையை எடுத்துரைப்பதும் அவர்களால் ஆகக்கூடியவை. கோழித் தீவனத்தில் இன்று வீணாகும் மருந்து, நாளை அவ்வூர்க் குழந்தை ஒன்றுக்குப் பலிக்காமற் போகலாம். அந்நஷ்டத்தை எந்தப் பண்ணையின் இலாபமும் ஈடு செய்யாது.