ஒரு மணி கோக்க எத்தனை மணிநேரம்? மணிவேலைக் கலைஞர்கள் பிழைப்பது எப்படி?

பூ வேலைப்பாடு கொண்ட கெபாயா, கீழே சாரோங், காலில் பளபளக்கும் மணிக் காலணி. பெரானாக்கான் உடை என்றதும் நம் கண்முன் வரும் படம் இதுதான்.

கெபாயாவுக்கு 2024 டிசம்பரில் பெரிய அங்கீகாரம் கிடைத்தது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டுக்கொண்டதை ஏற்று, யுனெஸ்கோ அதைத் தொட்டுணர முடியாத கலாசார மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

சரி, காலில் இருக்கும் அந்த மணிக் காலணி? அதைச் செய்பவர்கள் யார்? அதை மட்டும் நம்பி இந்தக் காலத்தில் வாழ முடியுமா?

முதலில், மணிவேலை என்றால் என்ன?

மலாயில் இதற்குப் பெயர் 'காசூட் மானெக்'. காசூட் என்றால் காலணி, மானெக் என்றால் மணி.

துணியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். கட்டம் போட்ட தாளில் வரைந்த கோலத்தைப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மணி என்று எண்ணி எண்ணித் தைப்பார்கள். ஒரு மணி தவறினால் அந்த வரிசையே கோணலாகிவிடும். பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டியதுதான்.

மணியின் அளவுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட மணி சிறுத்துக்கொண்டே போகும். 15ஆம் எண் மணி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். கைதேர்ந்தவர்கள் விரும்புவது ஒரு பக்கம் மட்டும் பட்டை தீட்டிய மணி. நடக்கும்போது அது ஒளியை வாங்கி மின்னும்.

தைத்து முடித்தாலும் வேலை முடியவில்லை. அதை அடிப்பாகத்தோடு பொருத்தி முழுக் காலணியாக்க, கைவேலை தெரிந்த செருப்புத் தொழிலாளி ஒருவர் வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கும் பெரானாக்கான் அரும்பொருளகம், புதுப்பிப்புப் பணிக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. அங்குள்ள ஒரு மேசை விரிப்பில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கண்ணாடி மணிகள் இருக்கின்றன. அது பினாங்கிலிருந்து வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நிமிடத்துக்கு 4 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் மணிக்கு 4,100 மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்கு 8 மணிநேரம், விடுமுறையே கிடையாது என்றாலும் 500 நாளைத் தாண்டிவிடும்.

அத்தனை நாள் உட்கார்ந்து கோத்தவர்கள் யார்? பழைய மணிவேலைகள் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயர் இல்லை. அவை நோன்யா பெண்கள் வீட்டில் செய்தவை. கல்யாணத்துக்கு முன் ஒரு பெண் தன் பொறுமையையும் கைத்திறனையும் காட்டும் வழியாக மணிவேலை இருந்தது. அதை யாரும் 'வேலை' என்று எண்ணவில்லை. அதனால் கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

இன்றைய கலைஞர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

விலை ஏன் கட்டுப்படியாவதில்லை?

இதுவும் ஓர் உதாரணக் கணக்குதான். ஒரு ஜோடி காலணியை 800 வெள்ளிக்கு விற்கிறீர்கள். மணி, துணி, செருப்புத் தொழிலாளியின் கூலி எல்லாம் சேர்த்து 200 வெள்ளி போகிறது. கோலம் வரைந்து தைத்து முடிக்க 80 மணிநேரம். மிச்சம் 600 வெள்ளி. அப்படியென்றால் ஒரு மணிநேரத்துக்கு உங்கள் கையில் நிற்பது ஏழரை வெள்ளி!

வாங்குபவருக்கோ 800 வெள்ளி மலைப்பாக இருக்கும். பக்கத்துக் கடையில் பெரிய மணி வைத்து அவசரமாகச் செய்த காலணி பல மடங்கு மலிவு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆக, மணிவேலையில் விலை உயர்ந்த பொருள் மணி இல்லை, நேரம். அந்த நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது? இதற்கு விடை கண்டுபிடித்தவர்கள்தான் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கண்ட விடை வேறு.

வழி 1: காலணி மட்டும் சோறு போட வேண்டியதில்லை

ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக் கடைவீடுகளில் 'ருமா கிம் சூ'வைப் பார்த்திருப்பீர்கள். 1945இல் லீ கிம் சூ என்ற பெண்மணி தொடங்கிய கூவே சாங் வியாபாரம்தான் அதன் வேர். மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ரேமண்ட் வோங் அங்கே கெபாயா வடிவமைக்கிறார், மணிவேலையும் கற்றுக்கொடுக்கிறார்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே குடும்பத் தொழிலில் உணவு இருக்கிறது, உடை இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. மூன்று மாதம் எடுக்கும் ஒரு காலணி, கடை வாடகையைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

அதே சாலையில் 'ருமா பேபே'யைத் தொடங்கிய பேபே சீட்டும் மணிவேலை வகுப்புகளால் பெயர் பெற்றவர். 2008இல் மீடியாகார்ப்பின் 'தி லிட்டில் நோன்யா' நாடகம் வந்தபோது பெரானாக்கான் கலாசாரத்தின் மேல் புது ஆர்வம் கிளம்பியது. அந்த மாதிரி நேரத்தில், கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது பெரிய விஷயம்.

வகுப்பில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பூவைத் தைத்து முடிக்கவே தாவு தீர்ந்துபோனவர், அடுத்த முறை விலைச்சீட்டைப் பார்த்து "இவ்ளோவா?" என்று கேட்க மாட்டார்.

வழி 2: கலைக்கூடத்துக்குள் கொண்டுபோவது

அமெரிக்கக் கலைஞர் லிசா லூ, 1991 முதல் 1996 வரை ஓர் அடுப்பங்கரையை முழுசாக மணியால் மூடினார். அடுப்பு, குழாய்த் தண்ணீர், தானியப் பெட்டி எல்லாமே மணி. மொத்தம் சுமார் 3 கோடி. இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினார். வீட்டில் யாரும் கவனிக்காத பெண்ணின் உழைப்பைப் பற்றிய படைப்பு அது. இன்று நியூயார்க்கின் விட்னி அரும்பொருளகத்தில் இருக்கிறது.

பிறகு 2005இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கலைக்கூடம் அமைத்து ஸூலு பெண்களோடு வேலை செய்தார். வேலை கிடைத்தது நல்ல செய்தி. ஆனால் பல கைகள் கோத்த படைப்பில் ஒருவர் பெயர் மட்டும் நின்றால் அது சரியா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

பால்டிமோரைச் சேர்ந்த ஜாய்ஸ் ஸ்காட் போன பாதை வேறு. துணி ஒட்டுத்தையலில் பேர்போன அம்மாவிடம் ஊசி பிடிக்கக் கற்றவர். இனவெறி, வன்முறை போன்ற கனமான விஷயங்களை மினுமினுக்கும் மணியில் சிலையாக்கினார். 2016இல் அவருக்கு மெக்கார்தர் உதவிநிதி கிடைத்தது. ஐந்தாண்டுக்கு 625,000 அமெரிக்க டாலர், நிபந்தனை எதுவும் இல்லை. ஒரு மணிவேலைக் கலைஞரின் நேரத்துக்கு அப்படி ஒரு மதிப்பு!

வழி 3: தொழிற்சாலையில் கற்றதைத் தனதாக்குவது

ஹெய்ட்டி நாட்டின் மிர்லாண்ட் கான்ஸ்டன்ட், அம்மாவோடு கல்யாண உடைத் தொழிற்சாலையில் மணி தைத்தவர். அங்கிருந்து வெளியே வந்தபின், 1990களில் அதே தையலை வைத்து வோடூ சமயக் கொடிகள் செய்யத் தொடங்கினார். அதுவரை ஆண்களே அதிகம் இருந்த துறை அது. 2022இல் அவருடைய படைப்புகள் வெனிஸ் கலை விழாவுக்குப் போயின.

தையல் மாறவில்லை. யாருக்காகத் தைக்கிறார், யார் பெயரில் தைக்கிறார் என்பதுதான் மாறியது.

வழி 4: பலர் சேர்ந்து கோப்பது

கனடாவின் அல்கோன்குவின் பழங்குடியைச் சேர்ந்த நாடியா மைர், பழங்குடியினரின் வாழ்க்கையைக் கட்டுப்படுத்திய இந்தியர் சட்டத்தின் 56 பக்கங்களை எடுத்துக்கொண்டார். எழுத்து இருந்த இடத்தில் வெள்ளை மணி, வெற்றுத்தாள் இருந்த இடத்தில் சிவப்பு மணி. 2000 முதல் 2002 வரை 230க்கும் மேற்பட்டோர் சேர்ந்து கோத்தார்கள். படிக்க முடியாதபடி சட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இங்கே நேரம் என்பது செலவு இல்லை. அதுவே எதிர்ப்பு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உண்டு. மலாக்கா செட்டிப் பெண்களும் சாரோங் கெபாயா அணிபவர்கள்தான். அவர்களைப் பற்றி இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் தனிக் கண்காட்சியே நடத்தியது.

இன்னும் பின்னால் போனால், புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் செய்தார்கள். அதே வகை மணிகளும் அவற்றைச் செய்த தடயங்களும் பேராக்கின் குவாலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும் கிடைத்துள்ளன. கடல் தாண்டி வந்தது மணி மட்டுமல்ல, கைத்திறனும்தான்.

அவர்கள் பெயரும் நம்மிடம் இல்லை.

அப்போ, இனி என்ன?

பட்டியலில் சேர்ப்பது கௌரவம். ஆனால் பட்டியல் யாருக்கும் வாடகை கட்டாது. மணிவேலை அடுத்த தலைமுறைக்குப் போக மூன்று விஷயங்கள் வேண்டும்:

- நேரத்துக்கு விலை: எத்தனை மணிநேரம் பிடித்தது என்பதை விலையோடு சேர்த்துச் சொல்வது. அப்போதுதான் மலிவுக் காலணிக்கும் கைவேலைக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.
- செய்தவர் பெயர்: வடிவமைத்தவர் பெயரோடு கோத்தவர் பெயரும், முடிந்தால் காலணியைப் பொருத்தியவர் பெயரும்.
- புதிய கோலம்: பியோனி மலரும் ஃபீனிக்ஸ் பறவையும் அழகுதான். ஆனால் அந்தக் காலத்து நோன்யாக்களே ஐரோப்பாவிலிருந்து வந்த மணிகளையும் ரோஜாப்பூக் கோலங்களையும் தயங்காமல் எடுத்துக்கொண்டவர்கள். இன்றைய இளையர் எச்டிபி புளோக்கை மணியில் கோத்தால் மரபு கெட்டுப்போகாது.

வார இறுதி வகுப்பில் ஒரு சாவிக்கொத்து கோத்து இன்ஸ்டகிராமில் போடுவது நல்ல தொடக்கம். அங்கிருந்து ஒரு ஜோடி காலணி வரை போவது நெடுந்தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க ஆசை மட்டும் போதாது. அந்த நேரத்துக்கு மதிப்புக் கொடுக்கும் வாடிக்கையாளரும் வேண்டும்.

அது நாமாகவும் இருக்கலாம்.