பந்து உதைத்த தொழிலாளப் பெண்கள்

ஆள் பற்றாதபோது பெண்ணை வேலைக்கு அழைப்பார்கள். தேவை தீர்ந்ததும் அடுப்படியைக் காட்டுவார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கே பிளைத் துறைமுகத்தில் நடந்ததும் இதுவே.

முதல் உலகப் போரில் ஆண்கள் களம் சென்றனர். கப்பலில் பீரங்கிக் குண்டுகளை ஏற்றியவர்கள் பெண்கள். அவர்களே 1917இல் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் மகளிர் காற்பந்துக் குழுவானார்கள். 1918 மே 18இல் மிடில்ஸ்பரோ திடலில் 22,000 பேர் முன்னிலையில் 5–0 என்று கோப்பையை வென்றனர். பெல்லா ரே மூன்று கோல் போட்டார். எந்த ஆட்டத்திலும் தோற்காத குழு அது!

போர் முடிந்தது, வேலை போயிற்று, 1919இல் குழுவும் கலைந்தது. 1921 டிசம்பர் 5இல் அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் கழகங்களின் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அந்தப் பூட்டைத் திறக்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. குண்டு சுமப்பது பெண்ணுக்கு ஏற்றதாம். பந்து உதைப்பது ஏற்றதல்லவாம்!

தோழர்களே! அவர்களை வீழ்த்தியது எதிரணியன்று. வேலைக்கு உறுதியில்லாத நிலையே. விடியுமுன் எழுந்து நம்மோடு பால்மரம் வெட்டியவர்கள் நம் பெண்கள். சங்கக் கூட்டத்தில் நாற்காலியும் திடலில் பந்தும் அவர்களுக்கு நாம் தரும் சலுகையல்ல, உரிமை. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம்!